நாத்திகர் எழுதிய கணக்கும் நாம் கொடுக்க வேண்டிய கணக்கும்

 



சில வாரங்களுக்கு முன்னர், ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின், ஒரு தந்தை என்னிடம் வந்தார். ஐவேளையும் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பொறியியல் கல்லூரியில் பயிலும் தம் மகன் சில மாதங்களாகத் தொழுவதில்லை என்றும், காரணம் கேட்டபோது இத்தாளை எழுதிக் கொடுத்தான் என்றும் கூறினார்.

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'மதத்தால் விளைந்த நன்மைகள்'. வலப்பக்கம் 'மதத்தால் விளைந்த தீமைகள்'. இடப்பக்கத்தில் நான்கே வரிகள். வலப்பக்கமோ நிரம்பி, தாளின் பின்புறத்திலும் தொடர்ந்திருந்தது. அடியில், 'அத்தா, இக்கணக்கில் எங்கே தவறு என்று சொல்லுங்கள்' என எழுதியிருந்தான்.

"ஹஜ்ரத், இவனை வீட்டை விட்டு வெளியேற்றி விடட்டுமா?" என்று அத்தந்தை கேட்டார். கேட்கும்போதே அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. "தாளை என்னிடம் கொடுங்கள், மகன் உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தத் தாளை முன்வைத்தே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். ஏனெனில், அது ஒரு வீட்டின் தாள் அன்று. நம்மில் எத்தனையோ வீடுகளில் எழுதப்படாமல் நெஞ்சில் கிடக்கும் தாள் அது.

கணக்குப் பார்ப்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்ப்பதே பாவம் என்று அந்த இளைஞனைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் முறையைத் திருமறையே நமக்குக் கற்றுத் தந்துள்ளது. மதுவையும் சூதையும் பற்றி மக்கள் வினவியபோது, அவற்றில் பெருங்கேடு உண்டு, மக்களுக்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் கேடே பயனை விஞ்சி நிற்கிறது என்னும் கருத்தில் இறைவன் விடையளித்தான் (அல்குர்ஆன் 2:219). தான் தடை செய்யவிருக்கும் மதுவிலும் உள்ள சிறு பயனை மறைக்காமல் எடுத்துரைத்த வேதம் இது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து வழுவச் செய்யலாகாது என்றும் அது கட்டளையிடுகிறது (5:8).

ஆகவே, இறைமறுப்பாளர் நம்மைப் பற்றி என்ன கூறுகின்றார் என்பதை நீதியோடு கேட்பது நம் மார்க்கம் காட்டிய நெறியாகும். கோபம் கொள்வது எளிது. செவி கொடுப்பதே ஈமானுக்கு அழகு.

நாத்திகர் ஒப்புக்கொள்ளும் நன்மைகள்

இங்கிலாந்து தந்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நாத்திக உலகில் பெரிதும் போற்றப்படுபவர். நாகரிகத்திற்கு மதம் ஏதேனும் தொண்டாற்றியதா என்ற வினாவை எழுப்பி 1930ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் ஏற்றுக்கொண்ட நன்மைகள் இரண்டே இரண்டு. நாள்காட்டியை வகுக்க மதம் உதவியது என்பது ஒன்று. எகிப்திய மதகுருமார் கிரகணங்களைக் குறித்து வைத்தனர் என்பது மற்றொன்று. வேறெதையும் தாம் ஏற்பதற்கில்லை என்று அவர் முடித்துக்கொண்டார்.

கார்ல் மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் மதத்தை அபினோடு ஒப்பிட்டார். இதை அறியாதார் இல்லை. ஆனால் அதே இடத்தில், நசுக்கப்பட்ட மனிதனின் வேதனை வெளிப்படும் வழியாகவும் மதத்தை அவர் கண்டார் என்பதை அறிந்தோர் சிலரே. நோவு இருப்பதனால்தான் மருந்து தேடப்படுகிறது என்பது அவருடைய கருத்து. நோவு நீங்கினால் மருந்தும் வேண்டியிராது என்று அவர் எண்ணினார்.

நம் தமிழகத்தில் தந்தை பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்களை நாம் நன்கறிவோம். கடவுள் மறுப்பைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட அவர், மீலாது விழா மேடைகள் பலவற்றில் ஏறிப் பேசினார். பிறவி இழிவு நீங்குவதற்கு இஸ்லாத்தை மருந்தாகச் சுட்டி 1947இல் திருச்சியில் உரையாற்றினார். அல்லாஹ்வை ஏற்காத ஒருவர், அல்லாஹ்வின் மார்க்கம் மனிதனுக்கு மனிதன் சமம் என்பதை நடைமுறையில் காட்டுகிறது என்று சாட்சி கூறினார்! அதே பெரியார், நம்மிடையே நிலவிய தர்கா ஆடம்பரங்களையும், பெண்களின் கல்வியை முடக்கிய போக்கையும் கடிந்துரைக்கத் தயங்கவில்லை. நம்மவர்கள் முதற்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டி மகிழ்வர், பிற்பகுதியை விட்டுவிடுவர். இது நீதியாகாது.

அண்மைக்காலத்தில், 2012ஆம் ஆண்டில், அலென் டி போட்டன் என்னும் எழுத்தாளர் நாத்திகருக்கென்றே ஒரு நூல் எழுதினார். கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டாலும், மக்களை ஒன்றுகூட்டுதல், நன்னெறியை மீண்டும் மீண்டும் நினைவூட்டுதல், துயருற்றோரைத் தேற்றுதல் ஆகியவற்றை மதங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம்.

ஆக, நாத்திகர் அனைவரும் ஒரே கணக்கை எழுதவில்லை. இரண்டு நன்மைகளோடு நிறுத்திக்கொண்டவரும் உண்டு. சமத்துவத்தைக் கண்டு வியந்தவரும் உண்டு. ரஸ்ஸலின் கணக்கில் விடுபட்டவற்றை நாம் எடுத்துக் காட்டலாம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில், வக்ஃபு வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்யப்பட்டது. டமாஸ்கஸின் உமய்யா பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துக் கூறும் பணியில் இருந்த இப்னுஷ் ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியலாருள் ஒருவராக விளங்கினார். தொழுகையே அவருடைய கணிதத்திற்குத் தூண்டுகோலாயிற்று.

அவர்கள் சுமத்தும் தீமைகள்

இனி, தாளின் வலப்பக்கத்திற்கு வருவோம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மேலை நாடுகளில் மதத்தைக் கடுமையாகச் சாடும் நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. சாம் ஹாரிஸ் 2004லும், ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006லும், கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் 2007லும் எழுதிய நூல்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. நம் பிள்ளைகள் இன்று தம் கைபேசியில் காண்பவற்றுள் பெரும்பகுதி அந்நூல்களின் எதிரொலியே ஆகும். அந்த இளைஞன் எழுதியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அவை மூன்று குற்றச்சாட்டுகளுக்குள் அடங்குகின்றன.

ஒன்று, மதம் மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்பது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் பச்சிளம் மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபியின் துயரில் வானமும் பங்கு கொண்டது என்று மக்கள் பேசினர். மூடநம்பிக்கையால் பெருமை தேடும் ஒருவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையுமா? ஆனால், மகனை மண்ணில் அடக்கிய அந்தத் தந்தை, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் ஒளி மங்குவதில்லை. அவை இறைவனின் சான்றுகளே என்று அறிவித்து, மக்களின் எண்ணத்தைத் திருத்தினார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கிரகணத்தைக் குறித்து வைத்ததை மதத்தின் தொண்டாக ஏற்ற ரஸ்ஸல், கிரகணத்தைப் பற்றிய மூடநம்பிக்கையை ஒரு நபி துடைத்தெறிந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு, மதகுருமார் மக்களைச் சுரண்டுகின்றனர் என்பது. யூத அறிஞர்களிலும் கிறித்தவத் துறவிகளிலும் பலர் மக்களின் பொருளை முறைகேடாக உண்கின்றனர் என்று எச்சரிப்பது யார்? திருக்குர்ஆனேயாகும் (9:34). அது அவர்களைப் பற்றியது, நம்மைப் பற்றியது அன்று என எண்ணி அமர்ந்துவிட வேண்டா. தாயத்து கட்டிக் காசு பறிப்பவனுக்கும், வக்ஃபு நிலத்தை விழுங்கி ஏப்பம் விடுபவனுக்கும் அவ்வசனம் பொருந்தாது என்று எவர் கூற முடியும்? மூதாதையர் செய்ததையே சிந்திக்காமல் பின்பற்றுவதை நாத்திகர் சாடுகின்றனர். அதையும் திருமறை முன்னரே சாடியுள்ளது (2:170).

மூன்று, மதம் இரத்தம் சிந்த வைக்கிறது என்பது. இதை மறுத்துப் பயனில்லை. நம் வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே காரிஜியாக்கள் தோன்றினர். இரவெல்லாம் தொழுதவர்கள், நெற்றியில் ஸஜ்தாவின் தழும்பு ஏறியவர்கள். மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம்பழம் ஒன்றை உரியவரின் இசைவின்றி உண்ணலாகாது என்று வாயிலிட்டதைத் துப்பச் செய்த அதே கூட்டம், நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வையும், கருவுற்றிருந்த அவருடைய துணைவியையும் கொன்றது. பழத்திற்கு அஞ்சியவர்கள் உயிருக்கு அஞ்சவில்லை! அவர்களை நஹ்ரவானில் எதிர்த்து நின்றவர் நாத்திகர் அல்லர். அலீ (ரலி) அவர்களே ஆவார்கள். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பானது என்னும் போதனை (5:32) அந்தப் பக்திமான்களின் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

சகோதரர்களே! இம்மூன்றையும் நிதானமாகப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நாத்திகர் எழுதியுள்ள தீமைப் பட்டியலின் பெரும்பகுதியை, அவர்களுக்கு முன்னரே அல்லாஹ்வின் வேதம் எழுதிவிட்டது. அவர்கள் அதை மதத்தின் மீது எழுதினர். வேதமோ அதை மதத்தைக் கெடுத்த மனிதர்களின் மீது எழுதியது. தவறு அந்த இடத்தில்தான் நேர்ந்துள்ளது.

பழியைத் திருப்பிப் போடாதீர்கள்

இவ்விடத்தில் நம்மில் சிலர் உடனே, "நாத்திகர் மட்டும் யோக்கியர்களா?" என்று கேட்பர். கேட்பதற்கு இடமுண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அல்பேனியாவில் 1967இல் கம்யூனிச அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் இழுத்து மூடியது. அந்நாடே நாத்திக நாடு என்று அறிவிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில்தான் அம்மக்கள் மீண்டும் வெளிப்படையாகத் தொழ முடிந்தது. கடவுளை அகற்றிவிட்டால் கொடுமையும் அகன்றுவிடும் என்ற வாதம் அங்கே பொய்த்துப் போனது.

ஆயினும் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நம் குற்றத்தை மறைக்கலாகாது. அண்டை வீட்டார் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் நம் கூரையின் ஓட்டை அடைபட்டு விடுமா?

நம் வீட்டுக் கணக்கு

பெரியார் கண்ட சமத்துவத்தை நம்பி, 1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் பல இஸ்லாத்தைத் தழுவின. தேநீர்க் கடையிலும் தெருவிலும் மறுக்கப்பட்ட மதிப்பு, தொழுகை வரிசையில் கிடைக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. வரிசையில் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். சம்பந்தம் பேசும்போது கிடைக்கிறதா? மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று பார்க்காமல் பெண் கொடுப்போர் நம்மில் எத்தனை பேர்? முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அவன் ஹாஃபிழாகவே இருந்தாலும், சம்பந்தம் பேச முன்வருவோர் எத்தனை பேர்?

மஹரைக் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கி மணமுடிக்கிறான். ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு ஐயாயிரத்தை மஹராக எழுதும் தஃப்தரில் ஜமாஅத்தார் கையொப்பமிடுகின்றனர். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாமல் வீட்டில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் சென்று, மதத்தால் விளைந்த நன்மை என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவள் என்ன எழுதுவாள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு நா கூசுகிறது. சொல்லாவிட்டால் இந்த மிம்பருக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 2017 மார்ச் மாதத்தில் கோவையில், நம் சமுதாயத்தில் பிறந்து கடவுள் மறுப்பாளராக மாறிய ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரு குழந்தைகளின் தந்தை அவர். அவ்வழக்கில் கைதானவர்கள் நம்மைப் போன்றே பெயர் சூட்டப்பட்டவர்கள். இச்செயலுக்கு மார்க்கத்தில் துளியும் இடமில்லை. மக்கள் நம்பிக்கை கொண்டே ஆக வேண்டுமென்று நீர் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியுமா என்று அல்லாஹ் தன் தூதரிடமே வினவுகின்றான் (10:99). நினைவூட்டுவதே உம் பணி, அவர்கள் மீது ஆதிக்கம் செலுத்துபவர் அல்லர் நீர் என்றும் உணர்த்துகின்றான் (88:21-22). தூதருக்கே வழங்கப்படாத அதிகாரத்தைத் தெருவில் திரியும் ஒருவனுக்கு யார் வழங்கியது?

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அவர் யூதராயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்னும் கருத்தில் அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள் (புகாரி). அத்தகைய நபியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் உயிரைப் பறித்தால், நாத்திகரின் தாளில் வலப்பக்கத்தை நிரப்புபவர் யார்? அவரா? நாமா?

பயன் மட்டும் போதுமா?

இத்தனையும் கூறிய பின், ஒரு நுட்பத்தை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். தொழுகை உடற்பயிற்சி, நோன்பு வயிற்றுக்கு ஓய்வு, ஸகாத் வறுமை ஒழிப்பு என்று பயன்களை அடுக்கியே மார்க்கத்தை நிலைநாட்டி விடலாம் என நம் சொற்பொழிவாளர் சிலர் கருதுகின்றனர். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞரின் மறைவுக்குப் பின் 1874இல் வெளியான கட்டுரையொன்று, ஒரு மதம் உண்மையானது என்பதில் ஐயம் எழும்போதுதான் அது பயனுள்ளது என்ற வாதம் முன்னுக்கு வருகிறது என்று சுட்டிக் காட்டுகிறது. இது சிந்திக்கத்தக்கது. பயனுக்காக மட்டும் தொழுபவன், அதே பயன் வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கே சென்றுவிடுவான்.

விளிம்பில் நின்று இறைவனை வணங்குவோரைப் பற்றித் திருமறை பேசுகிறது. நன்மை வந்தால் நிம்மதி அடைவர்; சோதனை வந்தால் முகம் திருப்பிக் கொள்வர் (22:11). நாம் அல்லாஹ்வை வணங்குவது அவன் நம்மைப் படைத்தவன் என்பதற்காக. அவனிடமே மீள வேண்டும் என்பதற்காக. பயன்கள் அந்த மரத்தின் நிழல். நிழலுக்காக மட்டும் மரத்தை நேசித்தவன், இலையுதிர் காலத்தில் அதை வெட்டிவிடுவான். அந்த இளைஞனின் தாளில் நான் கண்ட பெரிய விடுபாடு இதுதான். நன்மை, தீமை எனும் இரு பக்கங்கள் இருந்தன, 'இது உண்மையா?' என்ற வினா எங்குமே இல்லை. அவன் மீது குற்றமில்லை. அவ்வினாவைக் கேட்க நாம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

பெற்றோர்களே!

உங்கள் பிள்ளை ஐயம் கொண்டு கேட்டால், அவனை அடிக்காதீர்கள், பழிக்காதீர்கள். 'இப்படிக் கேட்டால் காஃபிராகி விடுவாய்' என்று வாயை அடைத்தால், கேள்வி நின்றுவிடாது. உங்களிடம் கேட்பது மட்டுமே நின்றுவிடும். பின்னர் அவன் எங்கு சென்று கேட்பான் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

நூஹ் (அலை) அவர்களின் மைந்தன் ஏற்க மறுத்தவர்களோடு நின்றான். வெள்ளம் மலையளவு எழுந்த வேளையிலும் அந்தத் தந்தை அவனைப் பாசத்தோடு அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அலைதான் இருவரையும் பிரித்தது. தந்தை பிரிக்கவில்லை (11:42-43). இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலை வணங்கிய தம் தந்தையிடம் பேசியபோது, ஒவ்வொரு முறையும் 'என் தந்தையே' என்று அன்பொழுக அழைத்தே பேசினார்கள் (19:42-45). பிள்ளை மாறினாலும் தந்தை மாறினாலும், நபிமார்கள் காட்டிய வழி ஒன்றே: கதவைத் திறந்து வைத்தல்.

அத்தந்தையை மறுவாரம் மீண்டும் சந்தித்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் வலப்பக்கத்தில் எதையும் நான் அடிக்கவில்லை. கைக்கூலி என்று மகன் எழுதியிருந்த வரியின் அருகே, 'இது உண்மை. உன் அக்காவின் திருமணத்தில் நாம் கொடுத்தோம். உன் திருமணத்தில் வாங்க மாட்டோம்' என்று எழுதிக் கையொப்பமிடுமாறு அவரிடம் சொன்னேன். நெடுநேரம் தயங்கிவிட்டுக் கையொப்பமிட்டார். மகன் இன்னும் தொழ வரவில்லை. ஆனால் அத்தாவோடு அமர்ந்து உண்கிறான், பேசுகிறான். இதயங்களைப் புரட்டும் ஆற்றல் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. நம் பொறுப்பு அந்தத் தாளைப் பொய்யாக்கும் வாழ்க்கை வாழ்வதேயாகும்.

நல்லடியார்களே! நாத்திகர் எழுதிய கணக்கு இவ்வுலகோடு முடிந்துவிடும். நாம் கொடுக்க வேண்டிய கணக்கு வேறொன்று உண்டு. தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமையில் வந்து நிற்பவன், ஒருவரை ஏசியிருப்பான். ஒருவர் பொருளை உண்டிருப்பான். ஒருவர் இரத்தத்தைச் சிந்தியிருப்பான். அவனுடைய நன்மைகள் அனைத்தும் அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு, இறுதியில் அவனே திவாலாகி நிற்பான் என்று அண்ணலார் (ஸல்) எச்சரித்தார்கள் (முஸ்லிம்). இன்று வீட்டுக்குச் சென்றதும், ஒரு தாளை எடுத்து நடுவே ஒரு கோடு இடுங்கள். மதத்தால் விளைந்தவை என்று எழுதாதீர்கள். என்னால் விளைந்தவை என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள்.

வல்ல நாயன் நம் உள்ளங்களை உண்மையின் மீது நிலைநிறுத்துவானாக! நம் செயல்களால் ஒருவரும் அவனுடைய மார்க்கத்தை விட்டு விலகும் இழிநிலையிலிருந்து நம்மைக் காத்தருள்வானாக! ஐயத்தில் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு நேர்வழியையும், நமக்குப் பொறுமையையும் வழங்குவானாக! ஆமீன்.